தவணை

காலை ஒன்பதரைக்கு ஹோட்டல் மனேஜர் போன் எடுத்தார்.
மண்டபத்தில் ஏசி பழுதாம், மன்னிக்கட்டுமாம்.
முந்தின இரவு நானே அங்கே குளிரில் நடுங்கியபடி
ஒலிவாங்கி சரிபார்த்திருந்தேன்.
"டெட்ராயிட்டில் தண்ணீர்க் குழாய்,
டொரொண்டோவில் தீயணைப்பு அனுமதி,"
லமீஸ் அவ்வாத் விரல் மடித்தாள்.
"நான் வாய் திறக்கப் போகிறேன் என்றால்
கட்டடங்களுக்குக் காய்ச்சல் வந்துவிடுகிறது."

பேட்டர்சனில் பிறந்தவள். தகப்பன் டயர்க்கடை.
கூடாரம் போட்ட மாணவர்களுக்காகப் பதினொரு வழக்கு.
அவள்மீதே ஒன்று, பன்னிரண்டாவது:
உரிமத்தைப் பறிக்கச் சொல்லி யாரோ கொடுத்த முறைப்பாடு,
பலஸ்தீனம் என்ற சொல்லுக்கு நாற்பத்திரண்டு இடத்தில்
மஞ்சள் பூசி.
அதைக் கைப்பையில் கொண்டு திரிகிறாள்,
பிரஷர் குளிசை கொண்டு திரிவதுபோல.

பேச்சில்லாத நாளுக்கு
மொழிபெயர்ப்பாளருக்குக் காசு உண்டா என்று
நான் கேட்கவில்லை. அவள்தான் கேட்டாள்:
"உங்கள் நீதிமன்றம் எங்கே?"

புதுக்கடை. ஏறுவெயில்.
ஓட்டோக்காரன் மீட்டர் போடவில்லை.
அவனோடும் வாதாடினாள்;
அவன் சிங்களத்தில் வென்றான்.
போட்டோகொப்பிக் கடைகளின் சூடு கணுக்காலில்,
வடை எண்ணெய், முத்திரை விற்பவரின் ஓட்டைக் குடை.

உள்ளே, ஆட்கொணர்வு மனு.
மட்டக்குளி நாகபூசணி அக்கா கடைசி வாங்கில்,
செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு.
மகன் இருபத்தொரு வயதில்
கொட்டாஞ்சேனைக்கு சிம் காட் வாங்கப் புறப்பட்டவன்.
இன்று அறுபத்து மூன்றாவது தவணை.
நீதிபதி விடுமுறை. எழுதுவினைஞர் தலை நிமிராமல்
டிசம்பர் பதினொன்று என்றார்.
அக்கா அதை காஸ் பில்லின் பின்பக்கத்தில் எழுதினாள்.

"கேளுங்கோ பிள்ளை,
இந்த அம்மா எத்தினை வழக்கு வெண்டவ?"
ஆங்கிலத்தில் கேட்டேன், கொஞ்சம் மரியாதை கூட்டி.
லமீஸ் யோசித்தாள். "முழுதாய் வென்றது இரண்டு.
ஒன்றில் எதிர்த்தரப்பு திகதியை மறந்துவிட்டது."
அக்கா சிரித்துவிட்டு,
காவலாளி பார்க்க, வாயைப் பொத்தினாள்.

பிறகு மனுவைக் கேட்டாள் லமீஸ்.
தமிழ்ப் பிரதி, ஆங்கிலப் பிரதி,
இரண்டிலும் என் முத்திரை.
ஒரு சொல்லில் விரல் வைத்தாள். "தமிழில் என்ன?"
காணாமல் போனவர்.
"போனவர் என்றால்?"
போனவர். நடந்து போனவர். பஸ்ஸில் போனவர்.
"தானாகவா?"

பஸ் ஒன்று வெளியே ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தது.

"அரபியில் மஃப்கூத். அந்தச் சொல்லின் எலும்பிலேயே
யாரோ செய்தது இருக்கிறது.
செய்தவரின் பேர் மட்டும் இருக்காது.
அந்தப் பேரைக் கேட்கத்தான் எனக்குச் சம்பளம்,
அதைக் கேட்டதற்குத்தான் இந்த முறைப்பாடு."

தெருவில் தாய்மார் எப்போதோ திருத்திவிட்டார்கள்,
பதாகையில்: ஆக்கப்பட்டோர்.
எனக்குத் தெரியாததல்ல.
பதாகை தெருவுக்கு, படிவம் கோர்ட்டுக்கு என்று
பிரித்து வைத்திருந்தேன்.
பக்கம் அறுநூறு ரூபாய்க்கு
எத்தனை பிள்ளைகளை நானே
நடந்து போக வைத்திருக்கிறேன்.

கட்டுநாயக்கா போகும் வழியில் செய்தி அனுப்பினாள்:
வியாழக்கிழமை எனக்கும் தவணை.
அந்தச் சொல்லை மட்டும் தமிழாக,
ஆங்கில எழுத்தில், ஓரெழுத்துப் பிழையோடு.

வெள்ளவத்தை அறையில், மின்விசிறிக்குக் கீழே,
சத்தியக்கடதாசியைத் திரும்பத் தட்டச்சு செய்தேன்.
ஆக்கப்பட்டவர், ஆக்கப்பட்டவர்.
வரிகள் நீண்டு, பதினொரு பக்கம் பன்னிரண்டானது.
பழைய பிரதியோடு ஒத்துப்போகவில்லை என்று
பதிவாளர் திருப்பி அனுப்பலாம்.
பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரே ஒரு வரி,
கீழே முழுக்க வெள்ளை.

முத்திரை மை காய்ந்து கிடந்தது.
எச்சில் தொட்டுக் குத்தினேன்.